காலை ஏழு மணி ஃபோன்

காலை ஏழானால் எழில்மொழியிடமிருந்து ஃபோன் வந்துவிடும். குணசேகரன் உடனே வரப்புக்கு நழுவிவிடுவான்.

அன்று மனைவி ஜெயபாரதி பின்னாலேயே போய் ஒட்டுக்கேட்டாள்.

"நேத்து நாலுங்க மேடம். இன்னிக்கு மூணுதான். பத்து மணிக்கு நேர்லயே வந்துடறேங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வாரம் மட்டும் அரை ஏக்கர் நடவுக்கு முப்பது பேரைச் சொல்லிவைத்தவள், தெருவுக்கே அதிரசம் சுட்டவள் அவள். இப்படி உழைக்கிறவளை விட்டுவிட்டு இன்னொருத்தியா?

பத்து மணிக்கு, தஞ்சாவூரில் எழில்மொழியின் அறைக்குள் கணவனுக்குப் பின்னாலேயே புகுந்தாள்.

"என் வீட்டுக்காரர்கிட்ட தினம் உனக்கு என்னடி பேச்சு?"

எழில்மொழி கோபப்படவில்லை. "உக்காருங்கக்கா. இது இருமுனைக் கோளாறு ஆராய்ச்சி, மனசு ஒரு சமயம் தலைகால் புரியாம பொங்கும், ஒரு சமயம் துவண்டுடும், அந்த நோய். எத்தனை மணி நேரம் தூக்கம்னு மட்டுந்தான் கேப்பேன். நோய் திரும்பினா முதல்ல தூக்கம் குறையும். அப்பவே பிடிச்சுட்டா ஆஸ்பத்திரியில படுக்க வேண்டாம்."

"இவருக்கா? இடி விழுந்தாலும் எழுந்திரிக்காத மனுஷனாச்சே!"

குணசேகரன் தலைகுனிந்தான். எழில்மொழி ஒரு படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். தை மாதம், உடம்பு தேறியிருந்தபோது ஜெயபாரதியே எழுதிக் கையெழுத்துப் போட்டது:

'மறுபடி வந்தா எனக்கே தெரியாது. நான் எவ்வளவு தூங்குறேன்னு தினமும் என் வீட்டுக்காரரைக் கேளுங்க. நான் சண்டைக்கு வந்தாலும் விடாதீங்க.'