ஆண்டுக்கு ஒரு கடிதம்

சிவகௌரி உள்ளே வந்தபோது சபாரத்தினம் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குள்ளும் கோட்டும் டையுமாக சோபாவில் நிமிர்ந்து இருந்தபடியே எதிரே இருந்த நாற்காலியைக் கண்ணால் காட்டினார். ஆஸ்பத்திரிக் கவர்னர் என்றால் அந்தத் தோரணை இருக்கத்தான் செய்யும் என்று அவள் மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

"எத்தினை பேரிட்டைக் கேட்டனீங்கள்?"

"பதினொரு பேரிட்டை ஐயா. எல்லாரும் இந்த வருசக் கடிதத்தைக் குடுத்து முடிச்சிட்டினம். நீங்கள்தான் மிச்சம் எண்டு லூயிஷாமில இருந்து ஓடி வாறன்."

லண்டனில் தேம்ஸ் கரையில் இருக்கும் அந்தத் தர்ம ஆஸ்பத்திரியைப் பதினெட்டாம் நூற்றாண்டில் சந்தா கட்டிய கனவான்கள் தொடங்கினார்கள். சந்தா கட்டுகிறவர் கவர்னர். ஒரு கவர்னர் ஆண்டுக்கு ஒரு நோயாளிக்குத்தான் சிபாரிசுக் கடிதம் எழுதலாம்; தனக்கோ தன் வீட்டாருக்கோ எழுதக்கூடாது. கனவான்கள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. விதி மட்டும் சாகாமல் கிடந்து மற்றவர்களின் உயிரை வாங்கியது.

அவள் கணவன் பாலேந்திராவும், கடை நன்றாக ஓடிய காலத்திலிருந்து சந்தா கட்டிவரும் கவர்னர்தான். இப்போது எலும்பு வரை பரவிய புற்றுநோயோடு கட்டிலில் கிடந்து கத்துகிறான். மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். கடைசி நாட்களையாவது வலியில்லாமல் கழிக்க அங்கே ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று அலைகிறாள்.

"உங்கட மனிசன் இந்த வருசம் ஆருக்கு எழுதிக் குடுத்தவர்?"

சிவகௌரியின் முகம் சுருங்கிவிட்டது. கேட்டு வந்த இரண்டு பேருக்குத் தேத்தண்ணி கொடுத்து, சாக்குச் சொல்லி அனுப்பியவளே அவள்தான்.

"ஒருத்தருக்கும் இல்லை ஐயா. பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டம். பிழைதான்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். குத்திக் காட்டத்தான் கேட்கிறார் என்று அவளுக்குப் பட்டது. வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான், வேறு வழியில்லை.

"நினைவு தெளிவா இருக்கோ? பேனை பிடிக்க ஏலுமோ?"

"ஓம். கை வழங்குது. நோதான் தாங்க ஏலாமல் கிடக்கு."

அதோடு அவளுடைய பொறுமை அறுந்துபோயிற்று.

"உங்கட காலில விழுறன் ஐயா. விடிய எழும்பினதில இருந்து தன்னைச் சாகவிடச் சொல்லிக் கெஞ்சுறார். இனி நான் ஆரிட்டைப் போக?"

சபாரத்தினம் பக்கத்து மேசையிலிருந்த படிவத்தை எடுத்தார். ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, பாலேந்திராவின் பெயரை எழுதினார். காத்திருக்க வைப்பதில் இவருக்கு என்ன சந்தோஷமோ என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவர் கையெழுத்திட்டதும் எரிச்சல் எல்லாம் போய் அழுகை வந்துவிட்டது.

நீட்டிய கடிதத்தை இரண்டு கையாலும் பற்றினாள். அவர் மறுமுனையை விடவில்லை.

"ஐயா?"

"அவரின்ரை கடிதத்தில என்ரை பேரை எழுதச் சொல்லுங்கோ, பிள்ளை."