தளப் பாட்டு

தனக்கோடிக்கு இரண்டு மணிக்கட்டும் விடிந்ததிலிருந்து விண்விண்ணென்று தெறித்தன. கீரை உருவக்கூட விரல் மடங்கவில்லை. இருபது வருஷம் மாடித் தளத்தில் கட்டை பிடித்துத் தட்டிய கை. வேலைக்குப் போகாமல் எட்டு மாதமாகிறது.

ஸ்ரீராம்புரத்தில் அன்றைக்கு யாருக்கோ கல்யாணம். சந்துமுனை ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு மூன்றாவது தடவையாக ஓடியது.

"ஏறுற வெயிலே, என் மச்சானைச் சுடாதே."

அவள் பாடியபோது அது மேஸ்திரியைச் சுடச் சொன்ன பாட்டு. இசைத்தட்டில் மேஸ்திரி மச்சானாகிவிட்டான். கிளாரினெட்டும் கைதட்டலும் சேர்ந்துகொண்டன. இப்போது பேண்டு செட்டுக்காரன், பல்பொடி விற்கிறவன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லார் வாயிலும் அதுதான்.

தனக்கோடி வாசலுக்குப் போய்க் காறித் துப்பினாள்.

நிமிர்ந்தால் டொமினிக் நிற்கிறான், கையில் இசைத்தட்டு உறையோடு. கல்யாணங்களுக்குக் கிளாரினெட் ஊதுகிறவன். பதினோரு வருஷம் முந்தி ஒரு சத்திரத்துக்குத் தளம் போட்டபோது, பக்கத்துக் கொல்லையில் உட்கார்ந்து அவள் பாட்டைக் கேட்டுக் கம்பெனிக்குக் கொண்டுபோனவன் அவன்தான். அதை அவன் மறைத்ததும் இல்லை.

"அக்கா, அடுத்த தட்டுல உன் பேரு போடறாங்களாம். போட்டோவும். நூறு ரூபா. ஸ்டூடியோக்கு வந்து என் பாட்டுதான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

நூறு ரூபாய் என்றால் ஆறு மாத வீட்டு வாடகை.

தனக்கோடி உறையைப் பார்த்தாள். படத்தில் ஒருத்தி இடுப்பில் குடத்தோடு பல்லைக் காட்டினாள்.

"குரல விடுக்கா, வேகம்தான் இதுல. மத்த தளப் பாட்டெல்லாம் தூங்கி வழியும். இது காலத் தானா ஆட வைக்குது. எங்கேர்ந்து புடிச்ச அந்த வேகத்த?"

அவள் உறையை வாங்கிக் கவிழ்த்துப் பிடித்தாள்.

சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இறுகும்வரை பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் தட்டுவார்கள். ஒருத்தி பாடுவாள். பாட்டு எப்படியோ, கட்டை அப்படி விழும். அதனால் மேஸ்திரி யாரையும் விரட்டமாட்டான். பாடுகிறவளை மட்டும் பிடித்துக்கொள்வான்.

சத்திரத்துத் தளத்தில் அன்றைக்கு மழை கட்டியிருந்தது. அப்பாதுரை மேஸ்திரி தனக்கோடியின் கையிலிருந்த கட்டையை வாங்கி வைத்துவிட்டு அவளை ஓரமாக உட்காரச் சொன்னான். சுண்ணாம்பில் கரைக்க வைத்திருந்த வெல்லத்தில் ஒரு கட்டி உடைத்துக் கொடுத்தான்.

"இருட்டறதுக்குள்ள முடியணும். இழுக்காம பாடு."

அவள் வெல்லத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு இரண்டு மடங்கு வேகத்தில் எடுத்தாள்.

வரிசையில் சந்திரம்மா இருந்தாள். வயிற்றில் ஆறு மாசம். கை நின்றால் அன்றைய கூலி போய்விடும். இரண்டு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தாள். "நிதானமா பாடுக்கா" என்று ஒரு தடவை வாய்விட்டே சொன்னாள்.

தனக்கோடிக்குக் கேட்டது. ஆனால் அந்த வேகம் அவளுக்கே பிடித்துப்போயிருந்தது.

மதியம் சந்திரம்மாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவள் குந்தியிருந்த இடத்தில் சுண்ணாம்பு சிவந்திருந்தது. மேஸ்திரி ஒரு பானைத் தண்ணீர் ஊற்றச் சொன்னான். அந்த இடத்தையும் சேர்த்துத் தட்டினார்கள்.

தனக்கோடி பாட்டை நிறுத்தவில்லை.

"என்னக்கா யோசன? வர்றியா?"

"அது என் பாட்டு இல்ல. போடா."

"சும்னே பொய் சொல்லாதக்கா. நான் காதால கேட்டவன்."

"கேட்டல்ல? அப்ப நீயே வச்சுக்க."

உறையை அவன் நெஞ்சில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சந்திரம்மா இரண்டு சந்து தள்ளித்தான் இருக்கிறாள். அதற்கப்புறம் அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. குழாயடியில் பார்த்தால் இன்றைக்கும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

தனக்கோடி அவளுக்கு ஒரு பிள்ளை பாக்கி வைத்திருக்கிறாள்.