லோகநாதனின் குடிப்பழக்கம்

“குடிப்பழக்கம் உண்டா?” என்று டாக்டர் தேவப்பிரியம் கேட்டது புஷ்பவல்லியைத்தான்.

அவள் புருஷன் லோகநாதன் முந்திக்கொண்டான். “எனுக்குத்தான் டாக்டரம்மா. ரொம்ப.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். திருவொற்றியூரில் நெடுநாளாகக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர். இவ்வளவு பெருமையாக ஒப்புக்கொண்ட தகப்பனை அவர் கண்டதில்லை.

புஷ்பவல்லியின் மடியில் அன்புக்கரசி. இரண்டரை வயது. பெயரில் இருக்கிற நீளம் உடம்பில் இல்லை. நடை இப்போதுதான் வந்திருந்தது, பேச்சு வரவில்லை.

ரத்தத்தில் தைராய்டு சுரப்பு குறைவு, மூளை வளர அது வேண்டும், தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லி முடித்திருந்தார். பிறகு குழந்தையின் மெல்லிய மேலுதட்டையும் சின்னக் கண்களையும் வெகுநேரம் பார்த்தார். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி.

“எவ்வளவு குடிப்பீங்க?”

“தெனம் ஒரு குவாட்டரு.”

என்ன சரக்கு என்று கேட்டார். பிராந்தி. பெயரும் விலையும் கடை திறக்கிற நேரமும் தடங்கலில்லாமல் வந்தன.

“குடிச்சா எப்படி இருக்கும்?”

கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியே பழகிய லோகநாதன், முதல் தடவையாகத் திணறினான்.

“இனிப்பா இருக்கும் டாக்டரம்மா. சர்பத்து கணக்கா.”

“அது எந்தக் கடைன்னு எனக்கும் சொல்லுங்க” என்றார் டாக்டர். ஊசி எடுத்து வைத்துக்கொண்டிருந்த நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “அப்பா குடிச்சதைக் கேக்கல. இவ வயித்துல இருக்கும்போது அம்மா குடிச்சாங்களான்னு கேக்குறேன். திட்டுறதுக்கு இல்ல. தெரிஞ்சாத்தான் இவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய முடியும்.”

“அதான் நான்னு சொல்றேன்ல...”

“நீ சும்மா இருயா.” புஷ்பவல்லி குழந்தையின் தலையைப் பார்த்தபடியே பேசினாள். “காசிமேட்டுல எறா உரிக்கிற வேல டாக்டரம்மா. நாள் முச்சூடும் கை ஐசுலயே கெடக்கும். ராவுல வலி தாங்காது. நான்தான் குடிச்சேன். வாங்கியாந்தது இவரு, ஒரு சொட்டு தொட்டதில்ல. இவ பொறந்த அன்னிக்கே வுட்டுட்டேன்.”

டாக்டர் அவள் கையைத் தொட்டார்.

“பேசுவாளா?” என்று கேட்டாள் புஷ்பவல்லி.

“பேசுவா. லேட்டாப் பேசுவா. மாத்திரை கொஞ்சம் செய்யும், எல்லாத்தையும் செய்யாது. பேச்சுப் பயிற்சிக்கு இந்த வாரமே அனுப்புறேன்.”

கொருக்குப்பேட்டையில் பஸ் இறங்கியபோது சாயங்காலம். தெருமுனை வந்ததும் லோகநாதன் குழந்தையை அவளிடம் கொடுத்தான். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டான். கால்கள் லேசாகப் பின்ன ஆரம்பித்தன.

அந்த வீட்டில் குடிக்கிறது யார் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பிய அன்றைக்குக் குடிக்காமலே தள்ளாட ஆரம்பித்தவன். அவள் விட்ட பிறகும், எப்போது நிறுத்துவதென்று அவனுக்குத் தெரியவில்லை.

“இன்னிக்கு நேராவே நட” என்றாள் புஷ்பவல்லி.

நடந்தான். தெருவே பார்ப்பது போலக் கூச்சமாக இருந்தது.