காலி நாற்காலி

"அண்ணே, வெளிய வாங்க. தரையைத் துடைக்கணும்."

பன்னாட்டு விளையாட்டு விழாவின் பெண்கள் டென்னிஸ் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அரங்கத்துக் கழிவறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஸ்கோர் என்னன்னு வராண்டா டிவியைப் பார்த்துச் சொல்லும்மா. நான் பார்த்தா நம்ம பொண்ணு தோத்துடுவா."

துப்புரவுப் பெண் எட்டிப் பார்த்தாள். "கடைசி செட்டுல அஞ்சுக்கு நாலு."

"ஐயோ!"

"நம்ம பொண்ணுதாண்ணே முன்னால இருக்கா! இவ்வளவு பயந்தாங்கொள்ளியா இருந்துட்டு எதுக்கு டிக்கெட் வாங்கினீங்க?"

"நான் எங்க வாங்கினேன்மா? கூட்டிட்டு வந்துட்டாங்க."

அரங்கம் அதிர்ந்தது.

"ஜெயிச்சுட்டா! தங்கம்!" என்று அவள் கத்த, கதவு படாரென்று திறந்தது. அவர் டிவி முன்னால் ஓடி வந்து நின்றார்.

திரையில் வீராங்கனை மூச்சு வாங்கச் சிரித்தாள். "எங்க கோச்சுக்குத்தான் நன்றி. அவர் எதிர்ல உட்கார்ந்து நகம் கடிச்சா என் பந்து வலையிலதான் விழும். இன்னிக்கு அவர் நாற்காலி காலி. நிம்மதியா ஆடினேன்."

"யாருண்ணே அந்தப் புண்ணியவான்?"

அவர் நகமே இல்லாத விரல்களால், சட்டைக்குள் மறைத்திருந்த அடையாள அட்டையை வெளியே எடுத்துவிட்டார். 'தலைமைப் பயிற்சியாளர்.'

அவள் வாளியை ஓரமாக நகர்த்தி வழிவிட்டாள்.

"அடுத்த போட்டிக்கும் நேரா கழிவறைக்கே போயிடுங்கண்ணே!"