எதுவும் நிற்காத சல்லடை

"இந்த ஒரு வேலையை மட்டும் என்கிட்டேருந்து பிடுங்கிடாதீங்க மாப்பிள்ளே."

மாமனார் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே சொன்னார். ஓடைத் தண்ணீர் வாய்க்காலுக்குள் திரும்பும் இடத்தில் நட்டிருந்த கம்பிச் சல்லடையில், இரவு முழுக்க வந்து சேர்ந்த இலையும் சுள்ளியும் அப்பிக் கிடந்தன. அவர் அதை வாரி வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் குளிரில் வெளுத்துப் போயிருந்தன.

மருமகனுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஊரின் கரண்டு மெஷினை ஓட்டுபவன் அவன். இந்தத் தண்ணீர் குழாய் வழியே இறங்கிக் கீழே மெஷினைச் சுற்றினால்தான் அத்தனை வீட்டிலும் விளக்கு எரியும். மாவு மில் ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் மெஷின் ஓடும். பெரிய கரண்டு லைன் இந்த மலைக்கு வருது, வருது என்று சொன்னவர்களுக்கெல்லாம் தலை நரைத்துவிட்டது. இப்போது அந்தப் பேச்சை எடுத்தால் ஊரில் சிரிக்கிறார்கள்.

"வேலையைப் பிடுங்கல மாமா, உங்க கஷ்டத்தைத்தான் பிடுங்கறேன்," என்றான். "முந்தாநாள் காத்துல இலை வந்து அடைச்சு, கரண்டு மங்கி, அத்தையோட மெஷின் நின்னுபோச்சு. உதடெல்லாம் நீலம் பாஞ்சுடுச்சு அவங்களுக்கு. உங்க பொண்ணு கத்தின கத்து இன்னும் என் காதுல இருக்கு. அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

"அப்புறம் என்ன யோசனை? மதியம் கொத்தனார் வந்துடுவார். மாட்டிடலாம்."

புதுச் சல்லடை கரையில் கிடந்தது. ஊர்க் கூட்டத்தில் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி அவன் வரவழைத்தது. அதன் அருமை புரிந்தால் கிழவர் இறங்கி வருவார் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

"இது சரிவா நிக்கும் மாமா. தண்ணி மட்டும் உள்ள இறங்கிடும். இலை, சுள்ளி, செத்த எலி, எது வந்தாலும் மேலயே வழுக்கிக்கிட்டு ஓடையிலயே போய் விழுந்துடும். யாரும் கை வைக்கவே வேண்டாம்."

"எதுவுமே நிக்காதா?"

"எதுவுமே நிக்காது."

"பெருசா ஏதாவது வந்தா?"

"மாடே வந்தாலும் போயிடும்," என்று அவன் சிரித்தான்.

மாமனார் சிரிக்கவில்லை. கரையேறிக் குனிந்து, வாரிப் போட்ட குப்பையை விரலால் கிளறினார். அது அவர் வழக்கம். ஒரு துணிக் கிழிசல் வந்தால்கூட அலசி, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எறிவார். 'சல்லடை மாமா தங்கம் தேடுறார்' என்று மில்காரருக்குக் கிண்டல்.

போன மழைக்காலம் வரைக்கும் இந்தப் பக்கமே தலை காட்டாத மனுஷன். அவர் மகன், இவனுடைய மச்சான், வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகுதான், யாரும் கேட்காமலே இந்த வேலையைப் பிடித்துக்கொண்டார். ஏன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். செல்போன் டவர் இந்த மேட்டில் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் மனசு வைத்தால். மச்சான் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கூப்பிடுவான். மாமனார் இறங்கி வந்து, "பேசினான், நேரத்துக்குச் சாப்பிடறானாம், உன்னை உடம்பைப் பாத்துக்கச் சொன்னான்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் மாமியார் வாயில் கஞ்சி இறங்கும். பாவம், அந்தச் சேதியும் ஆக்சிஜனும்தான் அவரை ஓட்டிக்கொண்டிருந்தன.

"மச்சான் போனுக்காகத்தானே பாக்கறீங்க?" என்றான் மருமகன் தணிந்து. "தாராளமா வந்து பேசுங்க. யார் வேண்டாம்னா? தண்ணியில இறங்க வேண்டாம்னுதான் சொல்றேன். கால் ரெண்டும் வெடிச்சுக் கிடக்கு, பாருங்க."

"இந்த ஒரு மழைக்காலம் போகட்டும் மாப்பிள்ளே. வெள்ளம் வந்தா, மேலே பாறை இடுக்குல தங்கினதெல்லாம் வந்து சேந்துடும். அப்புறம் நீங்க மாட்டிக்குங்க."

"அது வரைக்கும் அத்தை இருக்கணுமே. கட்டின பொண்டாட்டி மூச்சைவிட இந்தக் குப்பை பெருசாப் போச்சா உங்களுக்கு?"

சொல்லிவிட்டு அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமனார் ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"சரி. மாட்டிடுங்க," என்றார் கடைசியில். "அவளாவது இருக்கட்டும்."

அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. உட்காரத் தடுமாறியவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பாறையில் உட்கார வைத்தான்.

"மனசுல வச்சுக்காதீங்க மாமா. போன் வந்தா என்கிட்ட குடுங்க, மச்சான்கிட்ட நானே சொல்றேன். நீங்க இப்படித் தண்ணியில நிக்கறது தெரிஞ்சா அவனே சத்தம் போடுவான்."

மாமனார் அவன் கையை விடவில்லை.

"போனெல்லாம் வராது மாப்பிள்ளே. அவன் பஸ்ஸே ஏறல. போன மழையில மேலே மரப்பாலத்தை வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போச்சே, அன்னிக்கு விடியக்காலைல அவன் அதுமேலதான் போயிருக்கான்," என்றார். "ஒரு வாரம் கழிச்சு அவனோட பை இந்தச் சல்லடையில வந்து நின்னுச்சு. உங்க அத்தைகிட்ட சொல்லல, சொன்னா தாங்க மாட்டா. அந்தப் பை மாதிரி அவனும் ஒரு நாள் வந்து நிப்பான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."