டார்ச் வெளிச்சம்

சிங்கப்பூரில், துவாஸ் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வறையில் இரும்புக் கம்பி மீண்டும் இறங்கியது. ஏரம்பமூர்த்தி இரண்டு பற்களோடு ரத்தத்தைத் துப்பினான்.

"நீ புதுசா டிசைன் பண்ண கேமரா சென்சார் எங்கடா? போட்டிக் கம்பெனிக்காரன் வெளிய நிக்கிறான்!" சக இன்ஜினியர் ஆம்ப்ரோஸ் உறுமினான். அவன் இடக்கையிலிருந்த டார்ச், சுவரில் இருந்த காவல் கேமராவுக்கு நேராக எரிந்தது.

ஏரம்பமூர்த்தி கேமராவைப் பார்த்துக் கையசைத்தான்.

"வாட்ச்மேனுக்கு ஒண்ணும் தெரியாது லா. இவ்வளவு வெளிச்சம் பட்டா பிக்சல் நிரம்பி வழிஞ்சு, அவன் டிவி பூரா வெள்ளையாயிடும். நாம சேர்ந்து செஞ்ச சென்சார்தானே அதுல இருக்கு?" ஆம்ப்ரோஸ் சிரித்தபடி கம்பியை ஓங்கினான்.

கதவு உடைந்தது. வாட்ச்மேன்கள் ஆம்ப்ரோஸைத் தரையில் அமுக்கி மிதித்தார்கள்.

"எவ்வளவு வெளிச்சம் பட்டாலும் வழியாத பிக்சல்தான் என் புது டிசைன்," என்றான் ஏரம்பமூர்த்தி, வாயைத் துடைத்தபடி. "நேத்துதான் மாத்தினேன். நீ தேடற சென்சார் அந்தக் கேமராவுக்குள்ளதான் இருக்கு."