இந்த வாரத்தின் கடைசி மீட்டிங்

வாரத்துக்கு ஆளுக்கு மூன்று மீட்டிங்தான். மற்ற நேரமெல்லாம் தலை நிமிராமல் வேலை பார்க்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. ஜெபமலரும் அவள் கணவன் எபனேசரும் ஒரே கம்பெனி. வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் வேலை. ஆகவே வேலை நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டால் அதுவும் மீட்டிங்தான். மீட்டிங் போடாமல் ஐந்து மணிக்கு முன் அறைக்கதவு திறக்காது.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஜெபமலருக்குச் செய்தி வந்தது. அவள் மார்பில் இருந்த கட்டியின் பரிசோதனை முடிவு. எட்டு நாளாக அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அவளிடம் மிச்சமிருந்தது ஒரே மீட்டிங். பதவி உயர்வு பற்றி வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் பேச வைத்திருந்தது. அதை எபனேசர் பெயருக்கு மாற்றினாள்.

“இதை மின்னஞ்சலில் சொல்ல முடியாதா?” என்று திரை கேட்டது.

“முடியாது” என்பதை அழுத்தினாள்.

கதவுகள் திறந்தன. எபனேசர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்ன சொன்னாங்க ஜெபா?”

“ஒண்ணுமில்லயாம்.”

மீதி நேரம் முழுக்க இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மீட்டிங் முடிந்ததும் வழக்கம்போல் இருவர் திரையிலும் குறிப்பு வந்தது: “பேசிய விஷயம்: ஒன்றுமில்லை. இது தேவையற்ற மீட்டிங்.”

எபனேசர் அதை அச்செடுத்து, அடியில் பேனாவால் ‘ஸ்தோத்திரம்’ என்று எழுதி, ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தான்.